பூவாயிக்குப் பின்னால் யாரும் இல்லை

கடைசி முதுகு வளைவில் மறையும்வரை பூவாயி பெடலில் கால் வைப்பதில்லை. புஜைரா மலையில் ஹைல் கோட்டையின் வாசலில் ஒரு கால் தரையிலும் ஒரு கால் சைக்கிளுக்கு அந்தப்புறமுமாக நிற்பார். முன்னால் போகிறவர்கள் ஒவ்வொருவராகச் சரிவில் இறங்கி, சின்னதாகி, பாறைக்குப் பின்னே இல்லாமல் போவார்கள். அதன் பிறகும் கொஞ்சம் நிற்பார். யாராவது விட்டுப்போன தண்ணீர் போத்தல், கழற்றி வைத்த கையுறை ஏதாவது கிடக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். பிறகு, “போலாமுங்” என்பார். யாரிடம் சொல்கிறீர்கள் என்று கேட்டால் சிரிப்பார். அந்தக் கடைசி முதுகு பெரும்பாலும் என்னுடையது. கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் இவ்வளவும் தெரிந்துகொண்டேன்.

பிப்ரவரியில் அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் நின்றார். அவர் திரும்பிப் பார்த்தபோது கோட்டைக்கு மேலே மலை பாதிதான் இருந்தது. மீதியை மேகம் எடுத்துக்கொண்டிருந்தது.

பூவாயிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். ஊர் காங்கயத்துக்குப் பக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர், இப்போது ஷார்ஜாவில் யூனிஃபார்ம் தைக்கும் இடத்தில் அதே செக்கிங். தைத்து முடித்த சட்டை கடைசியாக அவர் கைக்கு வரும். காலரைப் பிடித்து இழுப்பார், கைக்குழியை உள்பக்கம் திருப்புவார், பிசிறு நூலை நறுக்குவார். அப்புறம்தான் மடிக்கப் போகும். பழக்கம் வேலையோடு நிற்பதில்லை. ஷார்ஜா ரோலாவில் பஸ்ஸுக்கு நிற்கும்போது முன்னால் நிற்கிறவரின் தோளில் நூல் தொங்கினால் இவருடைய விரல்கள் தானாக எழும்பி, பாதி வழியில் சுதாரித்துக்கொண்டு கீழே இறங்கும்.

எங்கள் எல்லாருக்கும் சைக்கிள் சட்டை தைத்துக் கொடுத்தவர் அவர்தான். முதுகில் ஆழமாக ஒரு பை, அதற்கு மேலே மஞ்சள் நூலில் பெயர். அவருடைய சட்டையில் மட்டும் பெயர் கிடையாது. கேட்டதற்கு, “எம்பொறகால ஆருங் வாராங்க படிக்கிறதுக்கு?” என்றார். சுடிதாரின் கால் பகுதியைத் துணி உலர்த்தும் கிளிப்பால் கவ்விவிட்டு, துப்பட்டாவை இறுக்கிக் கட்டி, அதன்மேல் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு ஓட்டுவார். மேட்டில் யாராவது திணறினால், ‘விடாதே, இன்னும் கொஞ்சம்தான்’ என்றெல்லாம் உற்சாகப்படுத்த மாட்டார். அவர்களுக்குப் பின்னால் அதே வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். இறங்கித் தள்ளினால் அவரும் இறங்கித் தள்ளுவார். “வெசையாப் போறதுக்கு ஊருபட்ட ஆளு இருக்குதுங். பொறகால வாறதுக்குத்தான் ஒருத்தருங் இல்ல” என்பது அவர் கட்சி.

குழுவுக்கு முன்னால் போகிறவர் சாகிர். கீழக்கரைக்காரர், துபாய் தேராவில் அத்தர் கடை. பாதையைத் தேர்ந்தெடுப்பவரும் அவர்தான். ஒரு வாரம் பித்னா கோட்டை, ஒரு வாரம் பிதியா பள்ளிவாசல், ஒரு வாரம் ஹைல். பழைய சுவர் ஒன்றாவது இல்லாத பாதையை அவர் பாதையாகவே மதிப்பதில்லை. போய்ச் சேர்ந்ததும் எல்லாரையும் நிழலில் உட்காரவைத்து, இங்கே எந்தக் குடும்பம் இருந்தது, காவல் கோபுரத்திலிருந்து எதைப் பார்த்தார்கள் என்று மூச்சு விடாமல் சொல்வார். பூவாயி உள்ளே வருவதில்லை. சைக்கிள்களோடு வாசலில் இருந்துகொள்வார். சுவரை உள்ளங்கையால் ஒருமுறை தட்டிப் பார்ப்பார், அவ்வளவுதான். சாகிர் வெளியே வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார். “இவத்திக்கு இருந்தவிங்க தண்ணிக்கு எங்கீங் போனாங்க?” எல்லாக் கோட்டையிலும் இதே கேள்விதான். அத்தரைப் போலவே வரலாற்றையும் துளித்துளியாக விற்கத் தெரிந்த சாகிர், இந்தக் கேள்விக்கு மட்டும், “கெணறு இருந்திருக்கும்க்கா, யல்லா, வாங்க” என்று நழுவுவார்.

எங்களில் பாதிப் பேர் தொழிலாளர் கேம்ப்வாசிகள். ஞாயிறு ஒருநாள்தான் விடுமுறை. இருட்டோடு ரோலாவில் சாகிரின் மச்சான் ஈசா பிக்கப்போடு வந்து நிற்பார். சைக்கிள்களை அதில் ஏற்றி, நாங்கள் பின்னாலேயே ஒரு வேனில் புஜைரா வரை வந்து, அங்கிருந்து ஓட்டுவோம். திரும்பும்போது யாரையும் எண்ணும் வழக்கம் இல்லை. ஆரம்பத்தில் சாகிர் எண்ணிப் பார்த்தார். தன்னை விட்டுவிட்டு எண்ணி ஒரு ஆள் குறைகிறது என்று எல்லாரையும் கலவரப்படுத்தினார். அதோடு நிறுத்திவிட்டோம். பூவாயி வந்து சேர்ந்தால் எல்லாரும் வந்து சேர்ந்ததாக அர்த்தம். “வால் வந்தாச்சு, கலாஸ், முடிஞ்சிச்சு” என்று சாகிர் சொல்வார், ஈசா கயிற்றை எடுப்பார். அந்த ஏற்பாடு ஒருமுறையும் பொய்த்ததில்லை.

குழுவில் பூவாயிக்கு அதிக வேலை வைப்பவர் மணிமாறன். கமுதிப் பக்கத்துக்காரர், சாரம் கட்டும் வேலை. கேம்பில் ஓர் அறையில் எட்டுப் பேர். அங்கே மனைவியோடு பேசினால் எட்டுப் பேரும் குடும்பம் நடத்துவார்கள். ஆகவே அவர் இங்கே, மலைப்பாதையில், எங்காவது பாறைக்குப் பின்னால் இறங்கி மாரியம்மாளை வீடியோவில் கூப்பிடுவார். சைக்கிளைச் சாலையோரம் கம்பத்தில் சாய்த்துவிட்டுப் போவார். அதுதான் அடையாளம். சைக்கிளைக் கண்டால் பூவாயி கொஞ்சம் தள்ளியே நின்று, பாறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைமிட்டாய் தின்பார். பேசி முடித்து அவர் மேலே வந்ததும், “சோறு உண்டுட்டாங்களாமா?” என்று மட்டும் கேட்பார்.

இளைஞர்கள் அப்படி விடுவார்களா. “மலையக் காட்டிட்ட, ஒட்டகத்தக் காட்டிட்ட, ஒம் மூஞ்சியக் காட்டுனியாடா மாப்ள?” என்பார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே போன் போட்டு, பின்னணியில் முத்தச் சத்தம் கொடுப்பார்கள். அதனால் அந்த நேரத்தில் குழுவிலிருந்து யார் கூப்பிட்டாலும் மணிமாறன் கட் பண்ணிவிடுவார்.

ஒருமுறை பேச்சுக்கு நடுவே பெண் குரல் கேட்டு, “யாரு அந்தப் பொம்பளை?” என்று மாரியம்மாள் விசாரிக்க, மணிமாறன் மேலே ஏறிவந்து போனைப் பூவாயியிடமே கொடுத்துவிட்டார். அன்று தொடங்கியது அவர்கள் இருவரின் சிநேகம். நம்பர் வாங்கிக்கொண்டார்கள். வீடியோவில் தோளைத் திருப்பச் சொல்லி, கையைத் தூக்கச் சொல்லி, கண்ணாலேயே அளவெடுத்து ஒரு ரவிக்கை தைத்து அனுப்பினார் பூவாயி. கச்சிதமாகப் பொருந்தியதாம்.

ஹைல் கோட்டையிலிருந்து ஊருக்கு இறங்கும் சாலை வாதியின் கரையோடே வந்து ஓரிடத்தில் அதைக் கடக்கும். வாதி என்றால் ஆறுதான். ஆனால் வருஷம் முழுக்கக் கல்லும் மணலும். பாலம் கிடையாது. படுகையிலேயே தார் போட்டு, இரண்டு பக்கமும் சிவப்பு வெள்ளைக் கம்பங்கள் நட்டிருப்பார்கள். சைட் ஆட்கள் அதை ஐரிஷ் கிராசிங் என்பார்கள். அயர்லாந்தில் ரோடெல்லாம் ஆற்றுக்குள்தான் போகுமா என்று ஒருநாள் பேச்சு வந்தது. “அங்க தெனமும் மழைன்னாங்கல்லொ. அப்ப வூட்டுக்கு எப்படியுங் போய்ச் சேருவாங்க?” என்று உண்மையான கவலையோடு கேட்டார் பூவாயி.

அந்த ஞாயிறு மழை மதியத்துக்கு மேல்தான் என்று சொல்லியிருந்தார்கள். கோட்டையை விட்டுக் கிளம்பிக் கொஞ்ச தூரம்கூட வரவில்லை, முன்னால் கிராசிங்கைத் தாண்டிவிட்ட சாகிரிடமிருந்து பூவாயிக்குப் போன். “அக்கா, எங்கெ இருக்கீங்க? மலை மேல இடிக்கிது. தண்ணி எறங்குனா ரோடு போயிடும். வெரசா வாங்க.”

பூவாயி வேகமாக ஓட்டி அன்றுதான் பார்த்தேன். “தம்பி, மிதிங்க” என்றார். என் பின்சக்கரத்தை ஒட்டியே வந்தார். இருவரும் சாலையைவிட மலையைத்தான் அதிகம் பார்த்தோம். கம்பங்கள் ஒவ்வொன்றாகப் பின்னே போயின. எதிலும் சைக்கிள் சாய்ந்திருக்கவில்லை. கிராசிங்கில் படுகை எலும்பைப் போலக் காய்ந்து கிடந்தது. கடந்து, மறுபக்க மேட்டில் ஏறி, பிக்கப் காத்திருக்கும் கஃபெத்தேரியா வாசலில் நின்றோம். எல்லாரும் சுவரோரம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“வால் வந்தாச்சு. கலாஸ். ஏத்து மச்சான்” என்றார் சாகிர். எல்லாச் சைக்கிள்களும் முன்பே ஏற்றிக் குவித்தாகிவிட்டது. ஈசா என்னுடையதை வாங்கி ஏற்றினார். அதற்கு மேலே பூவாயியின் சைக்கிளைப் படுக்கவைத்துக் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

யாரோ டீயை நீட்டினார்கள். பூவாயி வாங்கவில்லை. வரிசையாக நின்றவர்களின் பின்னால் நடந்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, முதுகு முதுகாக.

“மணிமாறன் தம்பி எங்கீங்?”

“இங்கதான் இருந்தான். பாத்ரூம் போயிருப்பான்க்கா.”

“அவரு சைக்கிளும் பாத்ரூம்லீங்களா?”

ஒரு பையன் மெதுவாகச் சொன்னான். போன வாரம் விளையாட்டுக்கு மணிமாறனின் சைக்கிளை எடுத்து ஒளித்துவைத்தார்களாம். அதிலிருந்து அவர் சைக்கிளையும் தன்னோடு கீழே இறக்கிப் பாறைக்குப் பின்னால் படுக்கவைத்துவிடுகிறாராம்.

பூவாயி கேட்டுக்கொண்டே போனை எடுத்தார். ஒலிபெருக்கியில் மணி அடித்தது, அறுந்தது. மறுபடி அடித்தது, மறுபடி அறுந்தது.

“கட் பண்றாருங்.”

சாகிர் கூப்பிட்டார். கட். ஈசா கூப்பிட்டார். கட். எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிட, மணிமாறன் இப்போது யாரையும் நம்ப மாட்டார் என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. வாதிக்குள் ஏதோ ஒரு பாறைக்குப் பின்னால் அந்த மனிதர் சிரித்துக்கொண்டே எங்களை ஒவ்வொருவராக வெட்டிக்கொண்டிருந்தார்.

“உயிரோட இருக்கான், அல்ஹம்துலில்லாஹ்” என்றார் சாகிர். அவர் குரல் வரலாறு சொல்லும் குரலாக இல்லை. “பேசி முடிக்கிற வரைக்கும் தண்ணி நிக்கணுமே.”

பூவாயி கிராசிங்கை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார். சாகிர் ஓடிப்போய் முன்னால் நின்றார்.

“அக்கா, வேணாம். எங்கெ இருக்கான்னு தெரியாது. நீங்களும் போனா நாங்க ரெண்டு பேரைத் தேடணும்.”

“எம்பொறகால ஆளுங்.” பூவாயியின் குரல் தாழ்ந்திருந்தது. “என்ற பொறகால ஒரு ஆளு நிக்குது. தாண்டி வந்துருக்கறன்.”

“சரிக்கா. ஆனா எறங்காதீங்க.”

எங்கள்மேல் ஒரு துளி விழவில்லை. வெயில்கூட இருந்தது. ஆனால் மலைப்பக்கத்திலிருந்து ஒரு காற்று வந்தது, அதில் ஈர மண் வாசனை இருந்தது. பூவாயி சரிவின் விளிம்பில் நின்று கையிலிருந்த போனையே பார்த்தார். பிறகு கட்டை விரலால் பெயர்களை மேலே தள்ளித் தள்ளி ஓரிடத்தில் நிறுத்தினார்.

“அவரு நம்ம போன எடுக்கமாட்டாரு” என்றார். “அந்தப் புள்ள எடுக்கும்.”

மாரியம்மாள் எடுத்தார்.

“மாரியம்மா, பூவாயி பேசறன். உம்பட வூட்டுக்காரரு இப்ப லைன்லதான் இருந்தாரா?”

“ஆமாக்கா. கோட்டையக் காட்டுறேன்னுட்டு கல்லக் காட்டிக்கிட்டு இருக்காக. இந்தா, உங்க போன் வரவும் அவுகளப் பொறுக்கச் சொல்லிட்டு எடுத்தேன். ஏன்க்கா ஒரு மாதிரிப் பேசுறீக?”

“நல்லாக் கேட்டுக்க. அவரு ஆத்துக்குள்ள உக்காந்துருக்காரு. மலைல மழை. தண்ணி வருது. இப்பவே எந்திரிச்சு மேட்டுல ஏறச் சொல்லு. ரோட்டுக்கு வர வேண்டாம், சைக்கிள எடுக்க வேண்டாம், பக்கத்துல எது மேடோ அதுல ஏறச் சொல்லு. நாஞ் சொன்னன்னு சொல்லாத, கேலின்னு நெனச்சுக்குவாரு. நீயாச் சொல்லு.”

“ஆத்தி. நான் சொன்னா நம்புவாகளாக்கா? இங்க இருந்துக்கிட்டு அங்க தண்ணி வருதுன்னா?”

“நம்பலீன்னா அழு.”

லைன் அறுந்தது.

அதன் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. மணிமாறனைக் கூப்பிட்டால் மாரியம்மாளின் அழைப்புக்குக் குறுக்கே போகும். மாரியம்மாளைக் கூப்பிட்டாலும் அப்படித்தான். ஈசா ஓரமாகப் போய்ப் போலீசுக்குச் சொல்லிவிட்டு வந்தார். மற்ற எல்லாரும் அவரவர் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, பூவாயியின் கையில் இருந்த ஒரே ஒரு போனைச் சுற்றி நின்றோம். அதன் கண்ணாடி கீறலுக்கு அவர் ஒட்டியிருந்த செலோடேப் மேல் வெயில் விழுந்து மின்னியது. வாதிக்கரையிலிருந்து கிளம்பிய தகவல் கமுதிக்குப் போய், அங்கிருந்து இதே வாதிக்குத் திரும்ப வேண்டும். சாகிரின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

முதலில் வந்தது ஒரு நாக்கு. பழுப்பாக, நுரையோடு, காய்ந்த சருகையும் ஒரு பிளாஸ்டிக் போத்தலையும் தள்ளிக்கொண்டு கற்களுக்கு நடுவே வழி தேடி வந்தது. இவ்வளவுதானா என்று நினைக்க இடம் கொடுத்தது. பிறகு சத்தம் வந்தது. தண்ணீரின் சத்தம் இல்லை. தண்ணீருக்கு அடியில் கற்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு உருளும் சத்தம். தரை காலுக்குள் ஏறி அதிர்ந்தது. தார்ச்சாலை இருந்த இடத்தில் சிவப்பு வெள்ளைக் கம்பங்கள் மட்டும் நின்றன. ஒரு ஈச்ச மட்டை அவற்றில் மோதி, சுழன்று, போனது. அதற்குப் பின்னால் நீலமாக ஏதோ வந்தது. யாரோ பெருமூச்சாக ஒரு சத்தம் போட்டார்கள். ஒரு சைக்கிள். தலைகீழாக ஒருமுறை புரண்டு, ஒரு சக்கரத்தை மேலே காட்டிவிட்டு உள்ளே போயிற்று.

மணிமாறனின் சைக்கிள் நீலம்.

பூவாயி அதைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவருடைய மற்றொரு கை தன் சட்டையின் விளிம்பைப் பிடித்து, தையலை விரலால் நெருடிக்கொண்டே போனது. தையல் முடிந்த இடத்தில் திரும்பி மறுபடியும்.

போன் அடித்தது.

“அக்கா.” மாரியம்மாள் அழுதுகொண்டிருந்தார். அது எந்த அழுகை என்று தெரியவில்லை. சாகிர் கண்ணை மூடிக்கொண்டார். “ஏறிட்டாகக்கா. ஏறிட்டாக. மொதல்ல சிரிச்சாக. நான் அழவும்தேன் எந்திரிச்சாக. ஏறி ஒரு பேச்சுப் பேசல, கீழ சத்தம் கேக்குதுன்னாக, அம்புட்டுத்தேன் எனக்கும் கேட்டுச்சு. சைக்கிளு போச்சாம்.”

“காலு கையி?”

“முட்டிதேன் செராச்சிருக்காம். அழுவாதடின்னு என்னய வையுறாக.”

“வையட்டும். நீ லைன வெக்காத. வையறதக் கேட்டுட்டே இரு.”

பூவாயி போனை இறக்கினார். எங்களில் ஒருவன் அழத் தொடங்கி, அதை மறைக்க மூக்கைச் சிந்தினான். சைக்கிளை ஒளித்துவைத்த கதையைச் சொன்ன பையன்தான். பூவாயி அவனைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். “டீ ஆறிப்போச்சு, குடி” என்றார்.

கொஞ்ச நேரத்தில் மணிமாறன் தெரிந்தார். எதிர்க்கரை மலைச்சரிவில், கையளவு உருவமாக, ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்று கையை அசைத்தார். எல்லாரும் அசைத்தோம். நடுவே பழுப்புத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

போலீஸ் வண்டி வந்து சாலையை அடைத்தது. இளம் போலீஸ்காரர் உருதுவில் சொன்னதைச் சாகிர் எங்களுக்குச் சொன்னார். மேலே ஊர்க்காரர்கள் அந்த ஆளைப் பார்த்துக்கொள்வார்கள், தண்ணீர் வடிந்ததும் கொண்டுவந்து விடுவோம், மேலும் மழை இருக்கிறது, யாரும் இங்கே நிற்க வேண்டாம், ஊர்ப்பக்கம் போய்விடுங்கள். வேன் கிளம்பத் தயாராக உறுமியது. ஒவ்வொருவராக ஏறினோம்.

“அக்கா, ஏறுங்க” என்றார் சாகிர். “ஆளு பொழைச்சிட்டான். இனி மேல இருக்குற ரப்பு பாத்துக்குவான், போலீஸும் பாத்துக்கும். தண்ணி எப்ப வடியும்னு யாருக்குத் தெரியும். காலைல உங்களுக்கு டூட்டி இருக்குல்ல.”

“எல்லாரும் ஏறியாச்சுங்களா?”

“ஏறியாச்சு. நீங்கதான் பாக்கி. நீங்க ஏறுனா போயிடலாம்.”

பூவாயி தலையசைத்தார். வேனைத் தாண்டி பிக்கப்பின் பின்பக்கம் போனார். டயரின் மேல் கால் வைத்து ஏறி, ஈசா போட்டிருந்த முடிச்சைப் பல்லால் கடித்துத் தளர்த்தி, எல்லாவற்றுக்கும் மேலே கிடந்த தன் சைக்கிளைக் கீழே இறக்கி, ஒரு காலைத் தரையில் ஊன்றி எதிர்க்கரையைப் பார்த்து நின்றார்.